புறாவுக்கும் தூசுக்கும் வித்தியாசம் தெரியாத அல்காரிதம்

இந்த எபிசோடு ஒரு ஹாரர் படத்தைப் பத்தி, ஆனா பேய் கிடையாது. ஒரு பழைய பிரெஞ்சுப் படத்தைச் சுத்தம் பண்ணி ப்ளூ-ரேக்குக் கொண்டுவர்றது எப்படி, அது எங்கே சொதப்பும், இதுதான் மேட்டர். கடைசிக் காட்சியைப் பத்தியும் பேசுவேன். ஸ்பாய்லர் வேண்டாம்னா படத்தைப் பார்த்துட்டு வாங்க, நான் இங்கேயேதான் இருப்பேன்.

படம் 1960ல வந்த ‘லே ஸ்யு சான் விஸாஜ்’. முகமில்லாத கண்கள்னு அர்த்தம். இயக்குநர் ஜார்ஜ் ஃப்ரான்ஜு. ஒரு பெரிய சர்ஜன். அவரால நடந்த கார் விபத்துல மகள் கிறிஸ்டியானோட முகம் சிதைஞ்சிடுது. இளம் பெண்களைக் கடத்தி, அவங்க முகத்தோலை உரிச்சு மகளுக்கு ஒட்டப் பார்க்கிறார். அதுவரைக்கும் மகள் ஒரு வழுவழுப்பான வெள்ளை முகமூடியோட அந்தப் பெரிய வீட்டுக்குள்ளே நடமாடிட்டு இருப்பாள். ஈடித் ஸ்கோப் அந்த முகமூடிக்குள்ளிருந்து வெறும் கண்ணாலயே நடிச்சிருக்காங்க.

அமெரிக்காவுல இதை 1962ல டப் பண்ணி, ஆபரேஷன் காட்சியில கை வச்சு, ‘தி ஹாரர் சேம்பர் ஆஃப் டாக்டர் ஃபாஸ்டஸ்’னு ஒரு பேரை வச்சு விட்டாங்க. படத்துல ஃபாஸ்டஸ்னு ஒருத்தரே கிடையாது! அதனால ரெஸ்டோரேஷன்ல முதல் கேள்வி டெக்னிக்கல் கேள்வியே இல்லை. எந்த வெர்ஷன்? எந்த ஃபிலிம்? கேமராவுக்குள்ளே ஓடின ஒரிஜினல் நெகட்டிவ் கிடைச்சா நல்லது. அதிலிருந்து எடுத்த ஒவ்வொரு காப்பிக்கும் கொஞ்சம் கொஞ்சமா விவரம் குறையும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்தா எப்படியோ, அப்படித்தான்.

இப்போ நம்ம ஏரியா, கணக்கு. 90 நிமிஷம், நொடிக்கு 24 ஃப்ரேம். மொத்தம் 1,29,600 ஃப்ரேம். 4கேல கம்ப்ரஸ் பண்ணாம ஸ்கேன் பண்ணினா ஒரு ஃப்ரேம் சுமார் 50 எம்பி, ஆக படம் முழுக்க ஆறரை டெராபைட். ப்ளூ-ரே டிஸ்க்கோட இடம் 50 ஜிபி. சரி, கம்ப்ரஷன் தனிக் கதை. நான் பேச வந்தது அந்த ஒன்றேகால் லட்சம் ஃப்ரேமுலயும் இருக்கிற தூசு, கீறல் பத்தி.

கலர் ஃபிலிம்னா ஒரு அருமையான வழி இருக்கு. கலர் ஃபிலிம்ல படம் சாயத்தால் ஆனது. இன்ஃப்ராரெட் வெளிச்சம் அந்தச் சாயத்தைத் தாண்டிப் போயிடும், தூசைத் தாண்டாது. அதனால எங்கே தூசு இருக்குன்னு ஸ்கேனரே ஒரு மேப் போட்டுக் கொடுத்துடும். ஆனா கறுப்பு வெள்ளை ஃபிலிம்ல படமே வெள்ளித் துகள். வெள்ளியும் இன்ஃப்ராரெட்டைத் தடுக்கும். மெஷினுக்கு மொத்தப் படமும் தூசாத் தெரியும். அந்த வழி அவுட்.

வெட் கேட்னு இன்னொண்ணு உண்டு. ஃபிலிமை ஒரு திரவத்துல நனைச்சபடியே ஸ்கேன் பண்றது. திரவம் கீறலை நிரப்பிடறதால வெளிச்சம் அங்கே சிதறாது, கீறல் மறைஞ்சிடும். ஆனா ஃபிலிமோட அடிப்பக்கக் கீறலுக்குத்தான் இது சரிப்படும். படம் இருக்கிற பக்கம் ஆழமாக் கிழிச்சிருந்தா ஒண்ணும் செய்ய முடியாது.

மிச்சத்துக்கு சாஃப்ட்வேர். லாஜிக் ரொம்ப சிம்பிள்: முந்தின ஃப்ரேம்ல இல்லை, அடுத்த ஃப்ரேம்லயும் இல்லை, நடுவுல மட்டும் ஒரு புள்ளி இருக்குன்னா அது தூசு. பக்கத்து ஃப்ரேம்ல இருந்து எடுத்து ஒட்டி மூடிடு.

கேட்கும்போது சரியாத்தானே இருக்கு? எனக்கும் அப்படித்தான் இருந்தது. எங்க அப்பா அம்மா கல்யாண விஎச்எஸ் கேசட்டை டிஜிட்டல் பண்ணி வச்சிருந்தேன். டேப் பூரா வெள்ளை வெள்ளையாப் புள்ளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பைத்தான்ல முப்பது வரி எழுதினேன். மூணு ஃப்ரேமை வச்சு ஒவ்வொரு பிக்சலுக்கும் நடு மதிப்பை எடுக்கிறது, அவ்வளவுதான். ஓட்டிப் பார்த்தா புள்ளியெல்லாம் போயிடுச்சு. பெருமையா டிவியில போட்டுக் காட்டினேன். அம்மா தாலி கட்டுற இடம் வரைக்கும் பார்த்துட்டு, “ஏன்டா, யாருமே அட்சதை போடல?”ன்னு கேட்டாங்க.

பறக்கிற அரிசி ஒரு ஃப்ரேம்ல ஓர் இடம், அடுத்த ஃப்ரேம்ல வேற இடம். என் கோடுக்கு அதுவும் புள்ளிதான். கையை வீசுறாங்க, ஆனா கையிலிருந்து எதுவுமே வரல. ஒரு மண்டபமே சும்மா கை வீசுது.

இப்போ ஃப்ரான்ஜு படத்தோட முடிவுக்கு வாங்க. கிறிஸ்டியான் நாய்களைத் திறந்து விடுறாள், கூண்டிலிருந்து புறாக்களையும் விடுறாள். அப்புறம் ராத்திரியில மரங்களுக்கு நடுவுல நடந்து போறாள். இருட்டுல வெள்ளைப் புறாக்கள், படபடன்னு இறக்கை. நெகட்டிவ்ல ஒட்டின தூசு திரையில எந்த நிறத்துல தெரியும் தெரியுமா? அதுவும் வெள்ளைதான். இந்த ஷாட்டை ஆட்டோமேட்டிக்ல விட்டா இறக்கை நுனியைத் தின்னுடும். பெரிய சாஃப்ட்வேர் எல்லாம் அசைவைக் கணக்குப் போடும், என் முப்பது வரியை விட ரொம்பக் கெட்டி. ஆனாலும் படபடக்கிற இறக்கை, மழை, தீப்பொறி இதெல்லாம் அதுக்குத் தொல்லைதான். அதனால இந்த மாதிரி ஷாட்ல ஒரு மனுஷன் உட்கார்ந்து, இது புறா, இது தூசுன்னு ஃப்ரேம் ஃப்ரேமாக் கையாலதான் பார்க்கணும்.

இதை விட எனக்குப் பயம் கிரெய்ன் விஷயத்துல. ஃபிலிம்ல மொறுமொறுன்னு ஓடுற அந்த வெள்ளித் துகள்தான் கிரெய்ன். படமே அதுலதான் இருக்கு. புது டிவிக்காரங்களுக்கு அது அழுக்காத் தெரியும்னு நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டுத் துடைச்சு வெளியிட்ட டிஸ்க்குகள் நிறைய உண்டு. துடைச்சதும் தோலோட நுண்துளை, சுருக்கம் எல்லாம் போய் முகம் மெழுகு மாதிரி ஆயிடும். எந்தப் படத்துக்கும் அது கெடுதல். ஆனா இந்தப் படத்துல? அப்பாவுக்குத் தோல் இருக்கு, கடத்தப்பட்ட பெண்ணுக்குத் தோல் இருக்கு, கிறிஸ்டியானுக்கு மட்டும் முகமூடி. அந்த வித்தியாசத்துலதான் மொத்தப் பயமும் இருக்கு. கிரெய்னைத் துடைச்சா படத்துல எல்லாருமே முகமூடி போட்டுக்கிறாங்க.

சத்தத்துக்கும் இதே கதைதான். ஆபரேஷன் காட்சியில மோரிஸ் ஜாரோட இசை கிடையாது. மூச்சும், கருவிகளோட சின்னச் சத்தமும்தான். இரைச்சலைக் குறைக்கிறேன்னு ரொம்ப இறங்கினா மூச்சும் சேர்ந்து போயிடும்.

கிரைடீரியன் இந்தப் படத்தை 2004ல டிவிடியாவும் 2013ல ப்ளூ-ரேயாவும் கொண்டு வந்தாங்க. ஃப்ரான்ஜுவோட ‘லெ சாங் தெ பெத்’ ஆவணப்படமும் கூட இருக்கு. கசாப்புக்கூடம் பத்தினது, சாப்பிட்டுட்டு உடனே பார்க்காதீங்க. பழைய ஐரோப்பிய டிவிடி கிடைச்சா ஒரு விஷயம்: அங்கே நொடிக்கு 25 ஃப்ரேம் ஓட்டுவாங்க, அதனால 90 நிமிஷப் படம் 86 நிமிஷத்துல முடிஞ்சிடும். நாலு நிமிஷம் வெட்டிட்டாங்கன்னு சண்டைக்குப் போயிடாதீங்க. வேகமா ஓடுது, குரலும் கொஞ்சம் கீச்சுன்னு இருக்கும், அவ்வளவுதான்.

டிஸ்க் நல்லா இருந்தாலும் உங்க டிவி கெடுத்துடலாம். செட்டிங்ஸ்ல நாய்ஸ் ரிடக்‌ஷன், மோஷன் ஸ்மூத்திங் ரெண்டையும் ஆஃப் பண்ணிடுங்க. எங்க வீட்டு டிவியில ரெண்டுமே ஆன்ல இருந்தது, இத்தனை வருஷம் கவனிக்கவே இல்லை. கல்யாண வீடியோவும் பழைய ஃபைல்தான் இப்போ ஓடுது, புள்ளியோட, அட்சதையோட. எது புள்ளி, எது அரிசின்னு பாஸ் பண்ணிப் பார்த்தா எனக்கே சில இடத்துல தெரியல. அம்மாவுக்குத் தெரியுது.