இப்தார் அழைப்பிதழில் என்ன இருக்க வேண்டும்?

வாடிக்கையாளர்களையும், சாமான் தரும் மொத்த வியாபாரிகளையும், வங்கி முகாமையாளரையும் அழைத்து ரமழானில் ஓர் இப்தார் கொடுப்பது எமது வர்த்தகர்கள் பலரின் வழக்கம். மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் தாராளமாகச் செலவழிக்கிறோம். அழைப்பிதழுக்கு மட்டும் போன வருடத்து அட்டையை அச்சகத்தில் கொடுத்து, "திகதியை மாத்தி அடிங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம்.

முஸ்லிம் விருந்தாளிக்கு அது போதும். எப்போது வர வேண்டும், வந்தால் என்ன நடக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சிங்கள, தமிழ் சகோதரர்களுக்கு அது தெரியாது. எமக்குத் தவணைக் காசோலைக்குச் சாமான் தருபவர்களில் கணிசமானோர் அவர்கள்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

முதலில் நேரம். "மாலை 6.00 மணி" என்று மட்டும் போட்டால், மற்ற விருந்துகளைப் போல நினைத்து அவர் ஏழரைக்கு வருவார். அப்போது நாம் நோன்பு திறந்து, மஃரிப் தொழுது, சாப்பாட்டிலும் பாதி முடித்திருப்போம். நோன்பு திறப்பது 6.22க்கு என்றால், "வருகை 5.45, நோன்பு திறத்தல் 6.22, மஃரிப் தொழுகையின் பின் இராப்போசனம்" என்று மூன்றையும் எழுதுங்கள். எல்லோரும் தொழப் போகும்போது தனியே விடப்பட்டோமே என்ற எண்ணமும் அவருக்கு வராது.

பழைய அட்டையின் நேரத்தை அப்படியே போடவும் முடியாது. ரமழான் வருடந்தோறும் 10, 11 நாட்கள் முந்தி வருகிறது. கொழும்பில் நவம்பர் நடுப்பகுதியில் மாலை 5.50 அளவில் மறையும் சூரியன், ஜூலையில் 6.30 அளவில்தான் மறைகிறது. கல்முனையில் விருந்து வைப்பவர் கொழும்பு நேரத்தை அச்சிட்டாலும் பிழைதான். அங்கே சில நிமிடங்கள் முந்தியே மஃரிப் ஆகிவிடும்.

"ரமழான் பிறை 10" என்று மட்டும் போடுவதும் கூடாது. தலைப்பிறை காணும் முன்பே அட்டை அச்சாகிவிட்டால் ஒரு நாள் முன்பின் ஆகலாம். ஆங்கிலத் திகதியையும் கிழமையையும் தெளிவாகப் போடுங்கள். திகதி குறிக்கும்போது போயா தினத்தையும் பாருங்கள். சந்திர மாதம் என்பதால் பிறை 12, 13, 14 அளவில் எப்படியும் ஒரு போயா வரும். அன்று சில் அனுஷ்டிக்கும் பௌத்தர்கள் நண்பகலுக்குப் பின் உணவு உண்பதில்லை. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அழைத்த மனிதர் மறுக்கவும் முடியாமல், வரவும் முடியாமல் சங்கடப்படுவார்.

சாப்பாட்டு விடயம் இன்னும் நுணுக்கமானது. நோன்புக் கஞ்சியிலேயே இறைச்சி இருக்கும். மாட்டிறைச்சி தொடாத இந்து நண்பரின் கையில் அந்தக் கோப்பையைக் கொடுத்துவிட்டு எந்த வியாபார உறவைப் பேணப் போகிறோம்? "மரக்கறி உணவு தேவைப்படுவோர் அறியத்தரவும்" என்று ஒரு வரி போதும். சஹனில் ஆறு பேர் சேர்ந்து உண்பது எமக்கு பரக்கத். பழக்கமில்லாதவருக்குக் கூச்சமாக இருக்கலாம். தனிப் பிளேட்டும் உண்டு என்பதை அழைப்பவரே வாயால் சொல்லிவிடுவது நல்லது, அட்டையில் வேண்டாம்.

மும்மொழியில் அடிப்பவர்கள் சிங்களப் பகுதியில் "இப்தார்" என்ற சொல்லோடு நிறுத்தாமல், நோன்பு திறக்கும் விருந்து என்று விளக்கம் கொடுங்கள். குடும்பத்தோடு அழைக்கிறீர்களா, தனியாகவா என்பதையும் குறிப்பிடுங்கள். பெண்களுக்குத் தனி இடம் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முகவரியில் "காலி வீதி" என்றும் இலக்கமும் மட்டும் போட்டால் போதாது. கொழும்பில் ஓர் இலக்கம், தெஹிவளையில் அதே இலக்கம். ஊர்ப் பெயரும் அருகிலுள்ள ஓர் அடையாளமும் வேண்டும். வாகனம் எங்கே நிறுத்துவது என்பதும்தான்.

வரவை உறுதிப்படுத்த ஒரு தொலைபேசி இலக்கமும் கடைசித் திகதியும் கட்டாயம். சமையல்காரருக்குத் தலைக்கணக்கு சொல்ல வேண்டுமே. கடை இலக்கத்தைப் போடாதீர்கள். ரமழானில் அஸருக்குப் பின் அதை எடுக்க ஆள் இருக்காது.

இன்னொன்று, ஒரு நிறுவனத்திலிருந்து எனக்கு வந்த உறையில் இப்தார் அழைப்பிதழோடு பாக்கிப் பட்டியலும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. தபால் செலவு மிச்சம்தான். நான் பணத்தை அனுப்பிவிட்டேன், விருந்துக்குப் போகவில்லை.