கோயில் உயரத்து மிருகமும் கல்லமேட்டுப் பிருஹத்காயனும்

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் விமானத்தை அண்ணாந்து பார்த்தவர்களுக்குக் கழுத்து வலித்திருக்கும். இராஜேந்திர சோழன் எழுப்பிய அந்த விமானம் 50 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரம் உடையது. 1954-ம் வருஷத்தில் ஜப்பானிய சினிமாக்காரர்கள் ஒரு ராட்சத மிருகத்தைப் படைத்தபோது, அதற்கும் 50 மீட்டர் உயரந்தான் விதித்தார்கள். நம் கோயில் பிராகாரத்தில் அது வந்து நின்றால், அதன் தலை ஏறக்குறைய கலசத்துக்கு நேரே இருக்கும். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'கோஜிரா'. கொரில்லாக் குரங்கின் பெயரையும், திமிங்கிலத்தைக் குறிக்கும் 'குஜிரா' என்ற ஜப்பானியச் சொல்லையும் ஒட்டவைத்துச் செய்த பெயர் அது. அமெரிக்கர் நாவில் அது 'காட்ஜில்லா' ஆயிற்று. நம் வீட்டுக் குழந்தைகளும் அப்படியே சொல்கிறார்கள்.

அதன் பராக்கிரமங்களைக் கேளுங்கள். கடலுக்கடியில் வாசம், நினைத்தபோது கரையேறும். பீரங்கிக் குண்டுகள் அதன் தோலில் பட்டுப் பயனற்று விழும். டோக்கியோ நகரத்தைக் காப்பாற்றக் கடற்கரையோரம் மின்சாரக் கம்பிகளை வேலிபோல் இழுத்துக் கட்டினார்கள். அது வாயைத் திறந்து ஊதியது. கம்பிகளைத் தாங்கிய இரும்புக் கோபுரங்கள் மெழுகாய் உருகின. மூச்சிலே அணுசக்தி! ஊதுவதற்கு முன் முதுகில் வரிசையாய் நிற்கும் தகடுகள் பளபளவென்று ஒளிவிடும். அது கால் வைத்த இடத்தில் விஷக் கதிர் தங்கிக் கிணற்று நீர் கெடும். அதன் கர்ஜனையோ, பிசின் தடவிய தோல் கையுறையினால் ஒரு பெரிய பிடில் வாத்தியத்தின் தந்திகளைத் தேய்த்து உண்டாக்கியது. சுமார் 100 கிலோ எடையுள்ள ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு ஒரு நடிகர் உள்ளே வியர்த்து விறுவிறுத்தார் என்பதைக் குழந்தைகளிடம் சொல்ல வேண்டாம்.

டோக்கியோவில் கட்டடங்கள் உயர உயர, மிருகத்தையும் வளர்த்தார்கள். 1984-ல் 80 மீட்டர். 2016-ல் 118 மீட்டருக்கும் மேல். 2023-ல் வெளிவந்த படம் மறு வருஷம் ஆஸ்கர் பரிசும் பெற்றது.

இவ்வளவும் வெறும் வேடிக்கைக்காகப் பிறந்ததல்ல. ஹிரோஷிமாவும் நாகசாகியும் வெந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. 1954 மார்ச்சு 1-ந் தேதி பிகினித் தீவில் அமெரிக்கர் ஹைட்ரஜன் குண்டு ஒன்றை வெடித்துப் பார்த்தார்கள். தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின் மேல் சாம்பல் மழை பெய்தது. படகிலிருந்த 23 பேரும் நோயில் விழுந்தனர். ஒருவர் செப்டம்பரில் இறந்தார். நவம்பர் 3-ந் தேதி படம் வெளியாயிற்று. கடலடியில் உறங்கிய புராதன மிருகம் ஒன்றைக் குண்டு எழுப்பிவிட்டது என்பதே கதை. அதன் தோலின் கரடுமுரடான தழும்புகளைப் பார்த்த ஜப்பானியருக்கு, குண்டினால் வெந்து பிழைத்த மனிதர்களின் மேனி நினைவுக்கு வந்திருக்கும்.

அந்தப் படத்தில் யமானே என்று ஒரு கிழப் பேராசிரியர் வருகிறார். புராதன உயிர்களை ஆராய்கிறவர். மிருகத்தின் காலடிப் பள்ளத்திலிருந்து 'டிரைலோபைட்' என்ற பழங்காலக் கடற்பூச்சி ஒன்றைப் பொறுக்கி எடுத்து, இது 20 லட்சம் ஆண்டுகளுக்கு முந்திய ஜுராசிக் காலத்து விஷயம் என்கிறார். உபாத்தியாயர்களாகிய நாம் இங்கே சிவப்பு மையைத் தொடாமல் இருக்க முடியவில்லை. ஜுராசிக் காலம் முடிந்தே 14 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. டிரைலோபைட் வம்சம் அதற்கும் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூண்டற்றுப் போயிற்று. போகட்டும். ஊரெல்லாம் "கொல்லு, கொல்லு" என்று கூவுகையில், "இதை ஆராய வேண்டும், அழித்துவிடாதீர்கள்" என்று கெஞ்சியவர் அவர் ஒருவரே. அதற்காக அவருக்கு எவ்வளவு மார்க்கு வேண்டுமானாலும் போடலாம்.

அந்தப் பேராசிரியர் அரியலூருக்கு வந்திருந்தால் ஊர் திரும்பியிருக்கவே மாட்டார். கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மேற்கே, அரியலூரையும் பெரம்பலூரையும் சுற்றியுள்ள நிலம் ஒரு காலத்தில் கடல். ஏழு கோடி, பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே அலை அடித்தது. காரைக் கிராமத்துச் செம்மண் ஓடைகளில் நத்தைபோல் சுருண்ட கல் அகப்படும். நம் வீட்டுப் பூஜையில் இருக்கும் சாளக்கிராமத்தின் ஜாதிதான் அது. சுறாமீனின் பல்லும் அங்கே உண்டு. கல்லங்குறிச்சியில் சிப்பிகள் அடுக்கடுக்காய்க் கல்லாகி நிற்கின்றன. 1840-ஐ ஒட்டிய வருஷங்களிலேயே சென்னை ராஜதானியின் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் இவற்றைப் பொறுக்கிச் சீமைக்கு அனுப்பினார்கள்.

கடல் பின்வாங்கிய பின் படிந்த மண்ணில்தான் நம்முடைய கதாநாயகன் கிடந்தான். அரியலூர்ப் பக்கத்துக் கல்லமேட்டில் கிடைத்த சில எலும்புகளைப் பற்றி, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி என்ற இரு அறிஞர்கள் 1987-ல் எழுதினார்கள். இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு துண்டு, கணைக்காலெலும்பு, வால் முள்ளெலும்பு ஆகியவை அவற்றுள் இருந்தன. கணைக்காலெலும்பு ஒன்றின் நீளம் மட்டும் 2 மீட்டர்! முழங்காலிலிருந்து கணுக்கால் வரைக்குமே ஆறரை அடி. ஆஜானுபாகுவான மனிதனும் அதன் பக்கத்தில் குட்டையாகத்தான் தெரிவான். 'பிருஹத்காயோசாரஸ்' என்று பெயரிட்டார்கள். முதற்பாதி சம்ஸ்கிருதம், பிற்பாதி கிரேக்கம்: பேருடல் படைத்த பல்லி.

இது மாமிச பட்சிணி என்று முதலில் எண்ணினார்கள். பின்னர் வந்த ஆராய்ச்சி, நீண்ட கழுத்தும் நீண்ட வாலும் கொண்ட சாகபட்சிணி என்று கண்டது. 2023-ல் செய்த ஒரு கணக்கு, அதன் எடை 110 முதல் 170 டன் வரை இருக்கலாம் என்கிறது. அக்கணக்கு மெய்யானால், பூமியில் இதுவரை நடந்த பிராணிகளில் இதற்கு ஈடு சொல்வது கடினம். நீலத் திமிங்கிலத்தைத்தான் அழைத்து வரவேண்டும்.

ஜப்பானிய மிருகத்துக்குப் படக்காரர்கள் சொன்ன எடை 20,000 டன். அது நின்றிருக்குமா என்று வகுப்பில் பையன்கள் கேட்பதுண்டு. நின்றிருக்காது. ஒரு பிராணியை எல்லாப் பக்கமும் இரு மடங்கு பெரிதாக்கினால், அதன் எலும்பின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்கு ஆகும். எடையோ எட்டு மடங்கு ஆகிவிடும். கலிலியோ 1638-லேயே சொன்ன கணக்கு இது. வளர வளரக் கால் எலும்பு தோற்றுக்கொண்டே வரும். ஆகவே கல்லமேட்டு ஜந்துவுக்குப் பேருடல் ஒன்றே பராக்கிரமம். ஊதினால் நெருப்பு வராது. இலையைத் தின்றுகொண்டு, நான்கு கால்களையும் ஊன்றி மெள்ள நடந்திருக்கும்.

அந்த எலும்புகளைப் பார்க்க எங்கே போவது என்று வாசகர்கள் கேட்பார்கள். எங்கும் போக முடியாது. மண்ணிலிருந்து எடுத்துச் சாந்துக் கட்டுப் போட்ட எலும்புகள், கட்டுக்குள்ளேயே நொறுங்கிப் போயின. ஆய்வுத் துறையின் காப்பறைக்குப் போய்ச் சேரவே இல்லை. இதை 2017-ல் அச்சிலே ஒப்புக்கொண்டார்கள். பீரங்கிக்கும் மின்சாரத்துக்கும் அசையாத ஜந்துவை ஜப்பானியர் கற்பித்தார்கள். ஏழு கோடி வருஷம் மண்ணுக்குள் அழியாதிருந்த நம் ஜந்துவுக்கு வெளிக்காற்றுப் பட்டதும் ஆயுள் முடிந்தது. அப்புறம் உலகத்து அறிஞர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது: அவை எலும்புதானா, அல்லது கல்லாய்ப் போன மரத்துண்டா? கையில் சாட்சி இல்லாதவன் என்ன பதில் சொல்வான்? தோண்டியபோது எடுத்த பழைய போட்டோப் படங்களை 2022-ல் வெளியிட்ட பிறகே, எலும்புதான் என்று பலர் ஏற்றார்கள்.

அந்தப் பிரதேசத்துக்கு இவ்விதம் நேர்வது முதல் தடவையல்ல. 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலைப் பெயர்த்து அந்தக் கல்லைக் கொண்டுபோனார்கள். ஊரார் தடுக்கப் பார்த்துத் தண்டனைதான் பெற்றார்கள். பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன கும்பினி சர்க்கார் வாக்கைக் காப்பாற்றவில்லை. அன்று அந்நியர் கையில் கடப்பாறை இருந்தது. இன்று அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லைச் சிமெண்டுக்காக வெட்டுகிறவர்கள் நம்மவர்களே. கடற்சிப்பி கல்லாகியதுதான் அந்தச் சுண்ணாம்பு. ஆகையால் லாரி லாரியாய்ப் போகும் கல்லோடு பழைய கடலும் சூளைக்குப் போகிறது. வீடு கட்டச் சிமெண்டு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வெட்டுகிற இடத்தில், விஷயம் தெரிந்த ஒருவர் நின்று பார்க்கக் கூடாதா என்றுதான் கேட்கிறோம்.

தெரிந்தவர் இல்லாவிட்டால் வேறு விபரீதமும் உண்டு. 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரி மண்ணைத் தோண்டியபோது உருண்டை உருண்டையாய் வந்த கற்களை, டைனோசார் முட்டை என்று தமிழ்நாடு முழுவதும் பேசியது. நத்தைக்கல்லைச் சுற்றி மண் இறுகிய உருண்டைகள் என்று புவியியலார் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

செய்ய முடியாத காரியம் ஒன்றுமில்லை. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாய்ப் போன ஒரு மரம், 18 மீட்டர் நீளத்துக்கு ஓடைக்கரையில் படுத்துக் கிடக்கிறது. அதை 1940-ல் உலகுக்கு அறிவித்தவர் நம் தஞ்சை ஜில்லாக்காரரான டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன், பிற்பாடு 1951-ல் புவியியல் ஆய்வுத் துறைக்கு முதல் இந்தியத் தலைவரானவர். கிடந்த இடத்திலேயே வேலி கட்டி வைத்தார்கள். மரம் இருக்கிறது, யாரும் போய்ப் பார்க்கலாம். அரியலூரை அடுத்த வாரணவாசியில் இப்போது ஒரு புதைபடிவக் காட்சிசாலையும் இருக்கிறது. விமானத்தையும் சிங்கமுகக் கிணற்றையும் பார்க்கப் போகிறவர்கள் குழந்தைகளை அங்கேயும் அழைத்துப் போகலாம்.

கல்லமேட்டு மண்ணும் இன்னும் வற்றிவிடவில்லை. அதிலிருந்து கிடைத்த ஒரு சிறு டைனோசாரின் பல்லைப் பற்றி 2013-ல் எழுதியிருக்கிறார்கள். அந்த ஜாதி வடதேசங்களில் மட்டுமே வாழ்ந்தது என்று அதுவரை எண்ணியிருந்தார்கள். ஒரே ஒரு பல். விரல் நுனியில் வைத்துப் பார்க்கலாம்.