கட்டிக்குத் துணைபோகும் அண்டைச் செல்கள்

தோலுக்கு நிறம் தரும் செல்களில் தோன்றும் புற்றுநோய் மெலனோமா. இந்நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரின் கட்டியில் பிராஃப் என்ற மரபணு பிறழ்ந்திருக்கும். அந்தப் பிறழ்வைக் குறிவைக்கும் வெமுராஃபெனிப் மாத்திரைக்கு 2011-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பலருக்குக் கட்டிகள் மளமளவெனச் சுருங்கின. சில மாதங்களிலேயே பெரும்பாலோருக்கு மீண்டும் தலைதூக்கின.

இப்படி மருந்தை மீறிக் கட்டி பிழைப்பதில் அண்டைச் செல்களுக்கும் பங்குண்டு. அவற்றில் முக்கியமானவை ஃபைப்ரோபிளாஸ்ட்கள். கொலாஜன் நார்களை உருவாக்கித் தோலுக்கு உறுதி தருவதும், காயம் பட்டால் திரண்டு வந்து புண்ணை ஆற்றுவதும் இவற்றின் வேலை. புண் ஆறியதும் அடங்கிவிடும். கட்டியைச் சுற்றி இருப்பவையோ அடங்குவதே இல்லை. புற்றுக்கட்டி ஓர் ஆறாத புண் என்று ஆய்வாளர் ஹரால்ட் துவோராக் 1986-இல் எழுதியதும் இந்த ஒற்றுமையைப் பார்த்துத்தான்.

2012-இல் அமெரிக்காவின் பிராட் ஆய்வு நிறுவனத்தார், பச்சையாக ஒளிரும் புரதம் ஏற்றிய புற்றுச் செல்களை அண்டைச் செல்களோடு சேர்த்து வளர்த்து மருந்திட்டார்கள். தனித்து வளர்ந்தவை மருந்துக்கு அடங்கின. சிலவகை ஃபைப்ரோபிளாஸ்ட்களோடு வளர்ந்தவை பச்சை மங்காமல் பெருகின. அந்த ஃபைப்ரோபிளாஸ்ட்கள் சுரந்த ஹெச்.ஜி.எஃப். என்ற புரதம், புற்றுச் செல்லின் மேலிருக்கும் மெட் என்ற ஏற்பியைத் தூண்டி, மருந்து அடைத்த பாதைக்கு மாற்றுப்பாதை திறந்திருந்தது. மெட்டையும் சேர்த்து அடைத்ததும் மருந்து மறுபடி வேலை செய்தது.

லண்டனில் எரிக் சஹாய் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு சிக்கலைக் காட்டியது. உயிருள்ள எலியின் கட்டியை நுண்ணோக்கியில் கவனித்தபோது, மருந்தே ஃபைப்ரோபிளாஸ்ட்களைக் கிளப்பிவிடுவது தெரிந்தது. அவை நார்களைக் குவித்துச் சுற்றுப்புறத்தை விறைப்பாக்குகின்றன. அந்த விறைப்பே புற்றுச் செல்லுக்குப் பிழைத்திருக்கும் சமிக்ஞையாகிறது. சமிக்ஞையைக் கடத்தும் எஃப்.ஏ.கே. நொதியையும் தடுத்தபோது கட்டி கூடுதலாகக் கட்டுப்பட்டது.

அப்படியானால் ஃபைப்ரோபிளாஸ்ட்களை ஒழித்துவிடலாமா? கணையப் புற்றுள்ள எலிகளில் 2014-இல் செய்து பார்த்தார்கள். கட்டி இன்னும் மூர்க்கமானது, எலிகள் சீக்கிரமே இறந்தன. கட்டிக்கு வேலி போடும் செல்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கின்றன. ஆகவே செல்களை விட்டுவிட்டு, அவை அனுப்பும் உதவியை மறிப்பதே பாதுகாப்பான வழியாகப் படுகிறது.

மெலனோமாவுக்கு இது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. ஆனால், சுற்றுச் செல்களில் ஹெச்.ஜி.எஃப். இருந்த நோயாளிகளுக்கு மருந்தின் பலன் குறைந்ததை 2012 ஆய்வே காட்டிவிட்டது. பயாப்ஸியில் புற்றுச் செல்லின் மரபணுவோடு, பக்கத்துச் செல் என்ன சுரக்கிறது என்றும் பார்த்தால்தான் எந்த மருந்துக்கு எதைத் துணை சேர்ப்பது என்று முடிவெடுக்க முடியும்.