நீச்சல் தெரிந்தால் உடனே குதித்துக் காப்பாற்றலாமா? கோஸ்டீரிங் பயிற்சி சொல்லும் பாடம்!

ஒருவர் தண்ணீரில் தத்தளிக்கிறார். கரையில் நின்ற நண்பர் யோசிக்காமல் குதிக்கிறார். கடைசியில் இருவருமே திரும்பி வருவதில்லை. இப்படி எத்தனை செய்திகளைப் படித்திருப்போம்? கடலோரப் பாறைகளில் வழிகாட்டியாக வேலை பார்க்க வருபவர்களுக்குத் தரும் பயிற்சியில், குதிப்பதுதான் கடைசி வழி. ஏன் அப்படி?

கோஸ்டீரிங் என்றால் என்ன?

கடலும் பாறையும் சேரும் இடத்தில் ஏறி, இறங்கி, நீந்தி, குதித்து கரையோரமாகவே நகரும் சாகச விளையாட்டு இது. இந்தச் சொல் 1973-ல் பிரிட்டனில் வெளியான பாறையேற்றப் புத்தகம் ஒன்றில் இடம்பெற்றது. 1980-களில் வேல்ஸ் நாட்டின் பெம்புரோக்‌ஷயர் கடற்கரையில் சுற்றுலாவாக வளர்ந்தது. ஹெல்மெட், வெட்சூட், மிதவை ஜாக்கெட், காலில் பழைய ஷூ. இவைதான் அடிப்படை.

குதிக்கும் முன் என்ன பார்ப்பார்கள்?

முதலில் வழிகாட்டி தண்ணீரில் இறங்கி ஆழத்தையும், அடியில் பாறை இருக்கிறதா என்பதையும் பார்ப்பார். நேற்று குதித்த இடம்தானே என்று இன்று குதிக்கக் கூடாது. கடல் ஏற சுமார் ஆறு மணி நேரம், இறங்கவும் சுமார் ஆறு மணி நேரம்தான். காலையில் ஆழமாக இருந்த இடத்தில் மதியம் பாறை தலைகாட்டும்.

அடுத்தது, அலை. சில நிமிடங்கள் நின்று கவனித்தால், சின்ன அலைகளுக்கு நடுவே பெரிய அலைகள் கூட்டமாக வருவது தெரியும். மேலே ஏறி வரும் வழியை முடிவு செய்த பிறகே கீழே குதிக்க அனுமதி.

முதல் ஒரு நிமிடம் ஏன் முக்கியம்?

பிரிட்டன் கடல்நீரின் சராசரி வெப்பநிலை சுமார் 12 டிகிரி செல்சியஸ். திடீரென உள்ளே விழுந்தால் மூச்சு தானாகவே வாரி இழுக்கும். அப்போது வாயில் தண்ணீர் போனால் ஆபத்து. நன்றாக நீந்துபவருக்கும் இது நடக்கும். அதனால்தான் பிரிட்டனின் ஆர்.என்.எல்.ஐ மீட்பு அமைப்பு, 'முதலில் மல்லாந்து மிதங்கள்' என்கிறது. மூச்சு சீரான பிறகு நீந்தலாம், உதவிக்குக் கத்தலாம்.

காப்பாற்றும் வரிசை இதுதான்!

1. பேசுங்கள்: பதறாமல் கரைப் பக்கம் வரச் சொல்லி வழிகாட்டுங்கள்.
2. நீட்டுங்கள்: கம்போ துடுப்போ எட்டினால், படுத்துக்கொண்டு நீட்டுங்கள். நின்றால் உங்களையும் இழுத்துவிடும்.
3. எறியுங்கள்: கயிறு, அல்லது மிதக்கும் ஏதாவது பொருள்.
4. படகு இருந்தால் அதில் செல்லுங்கள்.
5. நீந்திச் செல்வது, பயிற்சி பெற்றவருக்கு மட்டும். அதுவும் கையில் மிதவையோடு.

காரணம் எளிது. மூழ்குபவர் கையில் கிடைப்பதைப் பிடித்து மேலே ஏறப் பார்ப்பார். அது உங்கள் தலையாகவும் இருக்கலாம்.

கயிறு எறிவதிலும் நுணுக்கம்

பயிற்சியில் 'த்ரோ பேக்' எனும் கயிற்றுப் பை தருவார்கள். கயிற்றின் ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆளின் பெயரைச் சொல்லிக் கத்தி, அவரைத் தாண்டி விழும்படி பையை எறிய வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. முதல் வீச்சு தவறினால்? கயிற்றை மறுபடி பையில் திணித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். பையில் தண்ணீரை மொண்டு, அந்தக் கனத்தோடு மீண்டும் வீச வேண்டும்.

நம் ஊரில் சேலையே கயிறானது!

2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் நான்கு இளைஞர்கள் மூழ்கினர். அங்கிருந்த மூன்று பெண்கள் தங்கள் சேலைகளை அவிழ்த்து வீசி இருவரைக் காப்பாற்றினார்கள். தமிழக அரசு அவர்களுக்கு கல்பனா சாவ்லா விருது வழங்கியது. மற்ற இருவரும் உயிரிழந்தது அந்த நாளின் சோகம்.

அடுத்த முறை ஆற்றுக்கோ கடலுக்கோ போகும்போது, வண்டியில் நீளமான கயிறும், மூடி இறுக்கிய காலி தண்ணீர் கேனும் இருக்கட்டும். ஆபத்து என்றால் முதலில் 112. கடலில் என்றால் கடலோரக் காவல்படையின் 1554. குதிப்பதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.