ப்ளீச்சில் கரைத்தால் பெயர் சொல்லும் பவளம்

ஆழம் குறைந்த பவளத்திட்டில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு காளான். அதன் தலை நிறையப் பூப்பூவாய்ப் பாலிப்புகள் ஆடிக்கொண்டிருக்கின்றன. ஏதாவது உரசிவிட்டால் அத்தனையும் உள்ளே போய்விடும். மிஞ்சுவது பழைய தோல்பை போன்ற வழவழப்பான மேடு. சில நாட்களில் அந்த மேட்டின்மேல் மெழுகுபோல ஒரு படலம் படர்ந்து, உரிந்து போகும். ஒரே உயிருக்கு மூன்று வேஷம். இதன் புகைப்படம் ஒன்றை வைத்துக்கொண்டு ‘சார்கோபைட்டன் கிளாக்கம்’ என்று அடித்துச் சொல்பவர்களைக் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

முதல் சோதனை சுலபம்: பாலிப்பின் கைகளை எண்ணுவது. எட்டுக் கைகள், ஒவ்வொன்றும் இறகுபோல் ஓரம் பிரிந்திருந்தால் மென்பவளக் கூட்டம். கல்போல் இறுகிய நீலப்பவளமும் இந்த எட்டுக்கைக் குடும்பம்தான் என்பது வேடிக்கை.

அடுத்தது பூதக்கண்ணாடி. சார்கோபைட்டன், லோபோபைட்டம், சினுலேரியா என்ற மென்பவளப் பேரினங்கள் மூன்றும் ஆளை ஏமாற்றும் பங்காளிகள். மூன்றும் மன்னார் வளைகுடாவிலும் உண்டு. முதல் இரண்டில், பெரிய பாலிப்புகளுக்கு நடுவே ஊசிமுனைப் புள்ளிகள் தெரியும். அவையும் பாலிப்புகளே, இரை பிடிப்பதில்லை, உடலுக்குள் நீரை ஓட்டுவதுதான் வேலை. சினுலேரியாவில் அந்தப் புள்ளிகள் இல்லை. தலை மழமழவென்று, விளிம்பு மட்டும் மடிந்திருந்தால் சார்கோபைட்டன். விரல்களும் வரப்புகளுமாக எழுந்திருந்தால் லோபோபைட்டம்.

இதுவரை கிடைத்தது பேரினம்தான். இனத்தின் பெயர் வேண்டுமென்றால், அனுமதி பெற்று அரிசியளவு வெட்டியெடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, துணி வெளுக்கும் ப்ளீச்சைச் சொட்ட வேண்டும். நுரைத்துச் சதை கரைந்ததும் சுண்ணாம்பு நுண்முட்கள் அடியில் தங்கும். மேல்தோலிலிருந்து எடுத்தவை பீமனின் கதாயுதம்போலத் தலை பருத்திருக்கும். அடித்தண்டில் உள்ளவை நூற்கும் கதிர்போல இருமுனையும் கூர்த்திருக்கும். சினுலேரியாவின் அடித்தண்டு முட்கள் சில மில்லிமீட்டர் வரை நீளும், வெறுங்கண்ணுக்கே தெரியும். இந்த முட்களை வைத்துத்தான் டச்சு ஆய்வாளர் வெர்செவெல்ட் 1982-இல் சார்கோபைட்டன் இனங்களை மறுபடி வகைப்படுத்தினார்.

அதுவும் முடிவாகவில்லை. முட்களைப் பார்த்துக் கிளாக்கம் என்று பெயரிட்ட மாதிரிகளின் மரபணுவை 2006-இல் ஒப்பிட்டபோது, அந்த ஒரே பெயருக்குள் ஆறு தனி வம்சங்கள் பதுங்கியிருந்தன. பொதுவாக விலங்குகளை அடையாளம் காண உதவும் மரபணுவும் மென்பவளங்களில் மிக மெதுவாகவே மாறுவதால், நெருங்கிய இனங்களைப் பிரித்துக் காட்டுவதில்லை.

ஃபாப்ரிசியஸும் ஆல்டர்ஸ்லேடும் 2001-இல் வெளியிட்ட மென்பவளக் கையேடு பேரினத்தோடு நின்றுகொண்டது. கடலடிக் கணக்கெடுப்புப் பலகையிலும் ‘சார்கோபைட்டன்’ என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த பாறைக்கு நீந்துவதே வழக்கம்.