மாரடைப்பு ஒரே நாளில் உருவாவதில்லை

ஊர் திரும்பிய முதல் மாதங்கள் பற்றை வெட்டுவதிலும் கிணறு இறைப்பதிலும் கூரை போடுவதிலும் ஓடிவிடும். இந்த வேலைகளுக்கு நடுவில் நெஞ்சு இறுகினால் பலர் "வாய்வு" என்று சொல்லி, ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். சிலவேளை அது வாய்வாகவும் இருக்கலாம். மாரடைப்பாக இருந்தால், படுத்திருந்த அந்த நேரத்தில் இதயத்தின் ஒரு பகுதி இறந்துகொண்டிருக்கும்.

இதயம் ஒரு தசை. உடல் முழுவதற்கும் இரத்தம் அனுப்பும் அதற்கும் இரத்தம் வேண்டும். அதைக் கொண்டு வருபவை இதயத்தின் மேற்பரப்பில் ஓடும் முடியுரு நாடிகள். அவற்றின் துவாரம் சில மில்லிமீற்றர் அகலம் மட்டுமே. புகை, உயர்ந்த பிறஷர், இரத்தத்தில் கூடிய சீனி ஆகியவை இந்த நாடிகளின் வழவழப்பான உட்சுவரைப் பழுதாக்குகின்றன. பழுதான இடத்தில் கெட்ட கொலஸ்திரோல் சுவருக்குள் புகுந்து படிகிறது. அதை அகற்ற வரும் வெண்குருதிக் கலங்களும் கொழுப்பு நிறைந்து அங்கேயே மடிகின்றன. மேலே தழும்பு போல ஒரு மூடி வளர்கிறது. இந்தப் படிவு இளம் வயதிலேயே தொடங்கி, எந்த நோவும் காட்டாமல் பல வருடங்கள் வளரும்.

துவாரம் பெருமளவு ஒடுங்கிய பிறகுதான் சிலருக்கு அறிகுறி தெரியும்: மண்வெட்டி பிடிக்கும்போது நெஞ்சு இறுகும், சற்று இருந்தால் விட்டுவிடும். அதை "களைப்பு" என்று விட்டுவிடாதீர்கள். வேறு சிலருக்கு முன்னறிவிப்பே இராது. பாதியளவுகூட அடைக்காத படிவின் மூடி ஒருநாள் வெடிக்கும். அந்த இடத்தில் இரத்தம் உறைந்து நாடியை முழுதாக அடைத்துவிடும். இதுதான் மாரடைப்பு. "நேற்று வரை நல்லாய் இருந்தவர்" என்று நாம் சொல்வது இப்படிப்பட்டவர்களைத்தான்.

தகப்பனுக்கோ சகோதரனுக்கோ 55 வயதுக்கு முன்பும், தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்கு முன்பும் இதய நோய் வந்திருந்தால் உங்களுக்கும் ஆபத்து கூட. வயதையும் பரம்பரையையும் மாற்ற முடியாது. பீடி, சிகரெட், சுருட்டை விடலாம். விட்டு ஒரு வருடத்தில் புகைத்தலால் வந்த கூடுதல் ஆபத்து ஏறக்குறைய பாதியாகும். உப்பு ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். கருவாட்டிலும் ஊறுகாயிலும் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் சேரும்.

இடம்பெயர்ந்த குடும்பங்களில் நாம் அதிகம் கவலைப்படுவது மருந்து இடையில் நின்றுபோவதைப் பற்றியே. பிறஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மருந்து எடுத்தவர்கள், முன்பிருந்த இடத்துக் கிளினிக் தூரமாகிவிட்டதால் விட்டுவிடுகிறார்கள். உடம்பில் வித்தியாசம் தெரியாததால் சுகம் வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். நாடிகளில் படிவு அப்போதும் வளர்ந்துகொண்டிருக்கும். கிளினிக் கொப்பி தொலைந்திருந்தால் வெறும் மாத்திரை மட்டையையாவது எடுத்துக்கொண்டு அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் பதியுங்கள். அங்கு பரிசோதனைக்கும் மருந்துக்கும் பணம் இல்லை. வருத்தம் எதுவும் இல்லாதவர்களும் 35 வயதைத் தாண்டியிருந்தால் பிறஷரையும் சீனியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள் காணி துப்புரவாக்கும் வேலையைத் தொடங்குமுன் வைத்தியரிடம் கேளுங்கள்.

நெஞ்சின் நடுவில் பாரம் வைத்தது போன்ற நோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோ, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகள். பெண்களுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் நெஞ்சு நோ இல்லாமல் கடும் களைப்போ குமட்டலோ மட்டும் வரலாம். இவை கண்டவுடன் வேலையை நிறுத்தி இருங்கள். தனியாகச் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ புறப்படாதீர்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். உங்கள் வீட்டுப் பாதை புதிதாகத் திறந்ததென்றால், பக்கத்திலுள்ள கோயிலையோ பாடசாலையையோ அடையாளமாகச் சொல்லி, ஒருவரைப் பிரதான வீதியில் நிற்க விடுங்கள். உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசி முதல் சில மணித்தியாலங்களுக்குள்தான் நன்றாக வேலை செய்யும். நோ எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை வைத்தியர் முதலில் கேட்பார். அந்த நேரத்தை மறக்காமல் குறித்து வையுங்கள்.