சுத்தியலை எடுக்குமுன்...

தீபாவளி நெருங்கினால் பல வீடுகளில் சாய வாளி திறக்கும். “ஆள் கூலி எதற்கு, நாமே செய்துவிடலாமே” என்ற எண்ணமும் கூடவே வரும். நல்லதுதான். சிராங்கூன் சாலையிலிருந்து ஜாலான் புசார் பக்கம் எட்டு வைத்தால் வேண்டிய சாமான் கிடைத்துவிடும். சாயம் பூசலாம், அலமாரிக் கதவை இறுக்கலாம், தண்ணீர் வால்வை மூடிவிட்டுப் பழைய குழாயை மாற்றலாம்.

ஆனால், மின்கம்பியிலும் எரிவாயுக் குழாயிலும் கைவைக்க உரிமம் பெற்றவர் வேண்டும். சுவரை இடிக்க வீவக அனுமதி தேவை.

பலர் மறப்பது குளியலறைத் தரையை. ஓட்டுக்கு அடியில் நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு இருக்கிறது. அதனால்தான், புதிய வீவக வீடுகளில் முதல் 3 ஆண்டுகளுக்குக் குளியலறை ஓடுகளைப் பெயர்க்கக்கூடாது. பூச்சு சிதைந்தால் நமக்கு ஒன்றும் தெரியாது. கீழ்வீட்டுக் கூரையில்தான் சொட்டும். பழுதுபார்க்கும் பொறுப்பு இரு வீட்டாருக்கும் உண்டு. தவறே செய்யாத கீழ்வீட்டாருக்கும் அலைச்சல்!

இந்த வார இறுதியில் சாயத் தூரிகையை எடுங்கள். உளியை மட்டும் பதிவுபெற்ற குத்தகையாளரிடம் விட்டுவிடுங்கள்.